ஜால்ரா இல்லாத வருஷம்

வியாழக்கிழமை காலையில் அன்ஸ்கார் பெட்ஸோல்டிடம் யாரும் வாயைக் கொடுக்கக் கூடாது. அன்றைக்குத்தான் கடைக்குப் புது இசைத்தட்டுகள் வரும். பத்து மணிக்கு வண்டிக்காரர் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போவார். கடைக்கார அம்மா கெசீனெ, ஒரு பிளாஸ்க் காப்பியும் வெண்ணெய் தடவிய ரெண்டு பன்னும் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் மனுஷன் ஹெட்போனுக்குள்தான் குடித்தனம். அறுபது எழுபது தட்டு இருக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டு, தபால் அட்டை அளவுச் சீட்டில் பென்சிலால் மூன்று வரி எழுதி உறையில் செருகுவார். வெள்ளிக்கிழமை மதியம் கடை திறந்ததும் வருகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது தட்டை இல்லை, அந்தச் சீட்டைத்தான்.

டீப் ஹவுஸ், மெலோடிக் டெக்னோ என்ற ரெண்டு வகை ஆட்டப் பாட்டும் அவர் பொறுப்பு. பெர்லினில் டாக்ஸி ஓட்டுகிறவர் முதல் பல் பிடுங்குகிறவர் வரை இந்த ரெண்டையும் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் வைத்திருப்பார்கள். ஆனால் கடை இருக்கிற நொய்க்கோல்ன் பக்கத்தில் அன்ஸ்கார் சீட்டு என்றால் மறுபேச்சு கிடையாது. "மழை விட்டபின் கடைசி டிராம். உட்காரவும்" என்று எழுதியிருப்பார். அதைப் படித்துவிட்டு நாற்பது பேர் வாங்கிப்போவார்கள். "நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஏன் செய்தார்கள்?" என்று எழுதினாரோ, தீர்ந்தது. அந்தத் தட்டு மூலையில் கிடந்து தூசி தின்னும்.

அந்தக் காது சும்மா வந்ததில்லை. கிழக்கு பெர்லின் கோப்பெனிக்கில் பிறந்து, பதினாறு வயதில் ரயில் பட்டறையில் சேர்ந்தவர் அன்ஸ்கார். சக்கரத்தைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்ட வேண்டும். கணீரென்றால் நல்ல சக்கரம், மொண்ணையாக ஒலித்தால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காதால் பிடிக்கிற வேலை. பதினெட்டு வயதில் பெர்லின் சுவர் விழுந்தது. ஊரே மேற்கே வேடிக்கை பார்க்கப் போனபோது, இவர் ஒரு பாழடைந்த நிலவறையில் இருந்து வந்த பாட்டுச் சத்தத்தைக் கேட்டு உள்ளே இறங்கினார். அப்புறம் முழுசாக மேலே ஏறவேயில்லை. கல்யாணம் ஒன்று வந்தது, போனது. இந்தக் கடைக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது.

ஆடப் போகிற இடத்தில் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே போய் நிற்பார். கெசீனெ அந்த நிலவறை நாளிலிருந்தே காதில் மெழுகு அடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். "காதை மூடிக்கிட்டுப் பாட்டு கேக்க வந்த ஒரே ஆளு நீதான். மூக்கைப் பொத்திக்கிட்டுச் சாப்பிடுவியா?" என்று அன்ஸ்கார் ஊர் சிரிக்கக் கிண்டல் செய்வார். அந்தம்மா கண்டுகொள்ள மாட்டார்.

அந்தக் காதை எடுத்துவிட்டால் அன்ஸ்காரிடம் மிச்சம் இருப்பது ஒரு பழைய சைக்கிளும் நாலாயிரம் தட்டும்தான். ஐம்பத்துமூன்று வயதில் வேறு என்ன தெரியும் அவருக்கு? ஒன்றும் தெரியாது. அது அவருக்கே நன்றாகத் தெரியும்.

குழப்பம் ஜனவரியில் ஆரம்பித்தது.

டிரம்மில் இரண்டு பித்தளைத் தட்டு ஒன்றன்மேல் ஒன்று இருக்குமே, ஹை-ஹாட் என்பார்கள். பாட்டு முழுக்க மேலே சிக் சிக் சிக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். மிஷினில் பண்ணினாலும் அதே சத்தம்தான். நமக்கு வாய்க்கு வசதி ஜால்ரா, அப்படியே வைத்துக்கொள்வோம். ஜனவரி இரண்டாம் வியாழன் அன்று வந்த பெட்டியில் நாலு தட்டு கேட்டார் அன்ஸ்கார். கீழே பேஸ் இருக்கிறது. நடுவில் பியானோ இருக்கிறது. மேலே ஜால்ரா மட்டும் இல்லை. ஐந்தாவது தட்டிலும் இல்லை. பாட்டின்மேல் யாரோ கம்பளியைப் போட்டு மூடின மாதிரி இருந்தது.

முதலில் ஊசியைத் துடைத்தார். பிறகு ஊசியை மாற்றினார். ஹெட்போனை மாற்றினார், வயரை ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் பிரயோஜனமில்லை. வீட்டுக்குப் போய், முப்பது வருஷத்துக்கு முந்தின தட்டு ஒன்றைப் போட்டார். நிலவறைக் காலத்துத் தட்டு, தேய்ந்து போகும்வரை கேட்டது. சிக் சிக் சிக் என்று துல்லியமாக ஜால்ரா ஓடியது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பழசில் கேட்கிறது, புதுசில் கேட்கவில்லை. அப்படியென்றால் காதில் கோளாறில்லை, தட்டில்தான் ஜால்ரா இல்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த வெள்ளிக்கிழமைச் சீட்டில் எழுதினார்: "ஜால்ரா இல்லை. துணிச்சல்." அதற்கடுத்த வாரம்: "இங்கேயும் ஜால்ரா இல்லை. பேசி வைத்துக்கொண்டார்களா?" மார்ச் வாக்கில் கோபமே வந்துவிட்டது: "ஜால்ரா என்ன பாவம் செய்தது?"

அவர் ஜால்ரா இல்லை என்று எழுத எழுத, கடைக்கு வருகிறவர்கள் அவருக்கு ஜால்ரா போட ஆரம்பித்தார்கள். இது நான் வேண்டுமென்று சொல்கிற வேடிக்கை இல்லை, நடந்தது அதுதான். அதில் முதல் ஆள் தில்மன். முப்பது வயது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஏரிக்கரைத் தோட்டத்தில் ஆடுகிற கூட்டத்துக்குத் தட்டுப் போடுகிறவன். அவன் ஒருநாள் கையில் நாலு சீட்டை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு வந்தான்.

"மாஸ்டர், ஒத்துக்கறேன். மொதல்ல எனக்குப் புரியல. எனக்கு ஜால்ரா கேக்குற மாதிரிதான் இருந்துச்சு. உங்க சீட்டப் படிச்சப்புறம் திரும்பக் கேட்டேன். இருக்கு, ஆனா இல்ல. சத்தம் இருக்கு, அதுக்குள்ள ஜால்ரா இல்ல. அதானே சொல்றீங்க?"

அன்ஸ்காருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. "என்னடா உளர்ற? இல்லைன்னா இல்ல."

"ஆகா!" என்றான் தில்மன். அதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.

வசந்தம் போய்க் கோடை வந்தது. குழப்பம் மட்டும் போகவில்லை. இசைக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில் மனசு மாறுவார்களா? மாறினால் யாராவது ஒருத்தர் அதைப்பற்றிப் பேசியிருக்க வேண்டாமா? சில வியாழக்கிழமைகளில் அன்ஸ்கார் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கெசீனெயிடம் ஒருதரம் கேட்டேவிட்டார்: "உனக்கும் இந்த வருஷம் தட்டெல்லாம் மூடின மாதிரி இருக்கா?"

கெசீனெ ஊறுகாய் வெள்ளரியைக் கடித்துக்கொண்டு இருந்தவர், மெல்லுவதை நிறுத்தினார். "நீ சொன்னா இருக்கும்ப்பா" என்றார். அப்புறம் எதுவோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

செப்டம்பரில் அந்தக் கொக்குத் தட்டு வந்தது.

தபாலில் ஒரு பெட்டி, முப்பது தட்டு. தட்டில் பேரில்லை, விவரமில்லை. நடுவில் வெறும் வெள்ளை லேபிள், அதில் ரப்பர் முத்திரையில் ஒரு கொக்கு. எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்றுகூடப் போடவில்லை. நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்றா, நாற்பத்தைந்தா? இப்படி வருகிற தட்டுக்கு இந்தத் தொழிலில் ஒரே வழிதான். ரெண்டு வேகத்திலும் போட்டு, எது சரி என்று காது சொல்ல வேண்டும். வேறொருத்தரைக் கேட்பது கேவலம்.

அன்ஸ்கார் நாற்பத்தைந்தில் போட்டார். அதே கம்பளி, அதே மூட்டம். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு முப்பத்துமூன்றுக்கு மாற்றினார்.

சிக், சிக், சிக்.

மனுஷன் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். ஒன்பது மாசத்துக்கு அப்புறம் ஒரு புதுத் தட்டில் ஜால்ரா! நிதானமான நடை, கீழே பேஸ் உருள்கிறது, மேலே ஜால்ரா மினுங்குகிறது. நடுவில் ஒரு தழுதழுத்த ஆண் குரல், "போகாதே, இன்னும் கொஞ்சம் இரு" என்று திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறது. அன்ஸ்காருக்குக் கண் கலங்கியது. அஞ்சு தடவை கேட்டார். பிறகு எழுதினார்: "33. ஒரு கிழவர் இறந்துகொண்டிருக்கிறார். ஆடலாம். ஜால்ரா திரும்பி வந்துவிட்டது."

வெள்ளி சாயங்காலத்துக்குள் மாதிரிக்கு ஒன்று போக மிச்சமெல்லாம் காலி. ஞாயிறு மத்தியானம் தில்மன் அதை ஏரிக்கரையில் போட்டான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்து அழுதார்களாம். ஒரு பெண் செருப்பை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாளாம். திங்கட்கிழமை கெசீனெ, பெட்டியில் இருந்த முகவரிக்கு எழுதினார்: இன்னும் ஐம்பது அனுப்புங்கள்.

தபாலில் அனுப்பவில்லை, ஆளே நேரில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ரெண்டு மணி, கடை நிறைந்த கூட்டம். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் பெட்டியைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தாள். ரோஸ்டோக்கில் இருந்து ரயில் ஏறி வந்தவள், பேர் மாரிட். தன் முதல் தட்டைக் கடையில் பார்க்கிற சந்தோஷம் முகமெல்லாம் இருந்தது. மாதிரிக்கு வைத்திருந்த ஒற்றைத் தட்டை எடுத்தாள், சீட்டைப் படித்தாள், முகம் மாறியது.

"இதை யார் எழுதினது?"

"நான்தான்" என்றார் அன்ஸ்கார், பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக.

"கிழவர்னு போட்டிருக்கு."

"ஆமா."

"எந்தக் கிழவர்?"

"பாடுறாரே, அவரு. உங்க அப்பாவா? கேக்கலாமோ கூடாதோ... இப்ப எப்படி இருக்காரு?"

மாரிட் சுற்றுமுற்றும் பார்த்தாள். "பாடினது நான். விருந்துக்கு வந்த தோழி சீக்கிரம் கெளம்புறேன்னா, போகாதேடின்னு பாத்திரம் கழுவிக்கிட்டே பாடினேன். யாரும் சாகல."

கடையில் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். அன்ஸ்கார் பேயறைந்த மாதிரி தட்டைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். கிழவர் கெஞ்ச ஆரம்பித்தார். மாரிட் ரெண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயையோ, இது முப்பத்துமூணு! நாப்பத்தஞ்சுல போடுங்க!"

பொத்தானை அழுத்தினார். கிழவர் நொடியில் இளம்பெண் ஆனார். சாவு போய் விருந்து வந்தது. கடை கொல்லென்று சிரித்தது. ஏரிக்கரையில் நூறு பேரை அழவைத்த தில்மன் மட்டும் பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

இதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. வேகத்தை மாற்றிப் போடுவது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் ஒரு தரம் நடப்பதுதான். ஒரு பெட்டி பீர் வாங்கிக் கொடுத்தால் மறந்துவிடுவார்கள். அன்ஸ்காரும் சிரித்தார். "பீர் என்னுது" என்றார். ஆனால் ஒன்பது மாசமாக மனசை அரித்துக்கொண்டிருந்தது சும்மா இருக்க விடுமா?

"தப்பு என்னோடதுதான் பொண்ணே. ஆனா ஒண்ணு சொல்லு. முப்பத்துமூணுல ஜால்ரா அவ்வளவு அழகா இருக்கே. நாப்பத்தஞ்சுல அதை எங்க ஒளிச்சு வெச்ச?"

"ஒளிச்சு வெச்சேனா? இதோ ஓடுதே."

"எங்க?"

மாரிட் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, பாட்டோடு சேர்ந்து நகத்தால் மேசையில் தட்டிக் காட்டினாள். டிக் டிக் டிக் டிக். அன்ஸ்கார் குனிந்து அந்த நகத்தைப் பார்த்தார். நகத்தின் சத்தம் கேட்டது. அது எதோடு சேர்ந்து தட்டுகிறதோ, அது கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார். கடையில் இருந்த அத்தனை தலையும் அந்த நகத்தோடு சேர்ந்து மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

"தில்மன், உனக்குக் கேக்குதா?"

தில்மன் தரையைப் பார்த்தான். "மாஸ்டர்..."

"கேக்குதா இல்லையா?"

"எப்பவுமே கேட்டுச்சு மாஸ்டர்."

யாரும் சிரிக்கவில்லை. கெசீனெ வந்து ஊசியைத் தூக்கினார். "கடை மூடியாச்சு. எல்லாரும் கெளம்புங்க" என்றார். வெள்ளிக்கிழமை ரெண்டரை மணிக்கு அந்தக் கடை மூடி யாரும் பார்த்ததில்லை. மாரிட் தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் முழித்துக்கொண்டே பெட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

அன்ஸ்கார் அலமாரிக்குப் போய் அந்த வருஷத்துத் தட்டுகளை மார்போடு அணைத்து எடுத்துவந்தார். நாற்பத்தைந்தில் ஓட வேண்டியதை முப்பத்துமூன்றில் போட்டார். சிக் சிக். முப்பத்துமூன்றில் ஓட வேண்டியதை விரலால் ஓரத்தைத் தடவித் தடவி மெதுவாக்கினார். வேகம் குறைந்தால் ஸ்தாயியும் இறங்கும்; பாட்டு முனகிக்கொண்டு கீழே இறங்க, அவர் காதுக்கு எட்டாத உயரத்தில் இருந்த ஜால்ராவும் கம்பளிக்கு அடியில் இருந்து வந்தது. சிக், சிக். "துணிச்சல்" என்று எழுதின தட்டிலும் இருந்தது. "என்ன பாவம் செய்தது?" என்று எழுதின தட்டிலும் இருந்தது. பன்னிரண்டாவது தட்டோடு நிறுத்திவிட்டார்.

"பழசுல கேக்குதே கெசீனெ! வீட்ல தெனம் கேக்கறேன். காது போயிருந்தா அதுவும் கேக்கக் கூடாதே?"

கெசீனெ பழைய தட்டுகள் அடுக்கில் தேடி, அந்த முப்பது வருஷத்துத் தட்டின் இன்னொரு பிரதியை எடுத்துப் போட்டார். அன்ஸ்கார் கண்ணை மூடிக்கொண்டார். ரெண்டு நிமிஷத்தில் முகம் தெளிந்தது. விரல் தானாகத் தொடையில் தாளம் போட்டது. "இதோ. இதோ பாரு. சிக் சிக் சிக். எவ்வளவு சுத்தமா இருக்கு!"

"கண்ணத் தொற" என்றார் கெசீனெ.

அந்தம்மாவின் கை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரில் இருந்தது. மேல் ஸ்தாயிக்கான குமிழைக் கடைசிவரைக்கும் இறக்கி வைத்திருந்தார். "பாட்டு ஆரம்பிச்சதுமே எறக்கிட்டேன்ப்பா. இப்ப எனக்கே கேக்கல. உனக்குக் கேக்கறது பழைய ஞாபகம்."

சின்ன வயதில் ஒரு சக்கரத்தைத் தட்டியே உள்ளே விரிசலா இல்லையா என்று சொல்லிவிட்டவர். தனக்குள் விழுந்ததை ஒன்பது மாசம் மற்றவர்கள்மேல் எழுதியிருக்கிறார். காதைப்பற்றி நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது, சங்கு ஊதுகிற பழமொழி. அதை அந்த நேரத்தில் அவரைப்பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் உட்கார்ந்து அழுதார்.

வெகுநேரம் கழித்துப் பென்சிலை எடுத்தார். கொக்குத் தட்டின் சீட்டையாவது திருத்த வேண்டும், அந்தப் பெண்ணின் முதல் தட்டு. "45. ஒரு பெண். தோழியைப் போகவிடமாட்டேன் என்கிறாள்" என்று எழுதினார். அடுத்த வரியில் "ஜால்ரா" என்று எழுதி, அதற்குமேல் பென்சில் ஓடவில்லை. கேட்காததை எப்படி எழுதுவது?

"உனக்கு ஆரம்பத்துலேருந்தே கேட்டுச்சு, இல்ல?" என்றார், தலை நிமிராமல்.

"கேட்டுச்சு."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இத்தனை வருஷம் கூட இருந்துட்டு, என்னை ஊர் முன்னாடி கோமாளியாக்கி வேடிக்கை பாத்தியா?"

"அட மனுஷா, அன்ஸ்கார்!" என்று சத்தம் போட்டார் கெசீனெ. பிறகு குரல் இறங்கியது. "மார்ச்சுல நான் காது டாக்டர்கிட்ட போனேன்."

"எதுக்கு?"

"நீ இல்லைன்னு எழுதியிருந்த. எனக்குக் கேட்டுச்சு. இல்லாத சத்தம் கேக்குதுன்னா என் காதுலதானே கோளாறு? பயந்துட்டேன்ப்பா. அந்தாளு மிஷினெல்லாம் வெச்சுப் பாத்துட்டு, முப்பது வயசுக்காரி காதும்மா உங்களுக்குன்னான்."

"அப்புறம் என்ன?"

"அவனுக்கு என்ன தெரியும்னு வேற டாக்டர்கிட்ட போனேன்."

அன்ஸ்கார் நிமிர்ந்து அந்தம்மாவைப் பார்த்தார். மூக்கில் இருந்து ஒழுகியதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். சீட்டைப் பார்த்தார், மறுபடியும் அந்தம்மாவைப் பார்த்தார்.

"இதுல இருக்கா?"

"இருக்கு."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும். ஆனா நீ இல்லைன்னு எழுதிட்டா, எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்துடும். அதனால சீக்கிரம் எழுது."

எழுதினார்: "இருக்கிறது."